யாருடைய குறை? பெண்ணின் வேட்கையின்மையும் மருத்துவச் சொல்லாடலும்

1

'ஆண்மைக் குறைவு' என்ற சொல்லுக்கு அறிமுகம் தேவையில்லை. பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர் தொடங்கி ரயில்பாதையை ஒட்டிய மதில் வரை, எந்தத் தேதியில் எந்த லாட்ஜில் வைத்தியர் வந்து தங்குவார் என்ற விவரத்தோடு அது எழுதப்பட்டிருக்கிறது. 'பெண்மைக் குறைவு' என்று யாராவது சொன்னால் பொருள் வேறாகிவிடும். நடை, குரல், அடக்கம், மார்பு, பிள்ளைப்பேறு என்று போகும். கலவியில் விருப்பம் குறைந்துபோவதை அவளுடைய இழப்பாகச் சொல்ல நிலைபெற்ற சொல் எதுவும் நம் பேச்சில் இல்லை. 'கிட்டயே விடமாட்டேங்குறா' என்பது அவனுடைய புகார். 'எனக்கு ஒண்ணும் தோணலக்கா' என்பது பெண்கள் கூட்டங்களில், கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில், தணிந்த குரலில் நான் கேட்டிருக்கும் வாக்கியம். முதலாவது வாக்கியம் பஞ்சாயத்துக்குப் போகும், வக்கீலிடம் போகும், டாக்டரிடமும் போகும். இரண்டாவது எங்கும் போவதில்லை.

இக்கட்டுரை அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றியது. வேட்கையின்மை என்பதை மருத்துவம் எப்படி ஒரு நோயாகக் கட்டமைத்தது, அதற்கு என்னென்ன சிகிச்சைகளை முன்வைக்கிறது, அவற்றில் எது பயன் தருகிறது, எது வியாபாரம் என்பதைத் தொகுத்துச் சொல்வது என் நோக்கம். நான் மருத்துவர் அல்ல. பெண்களோடு மருத்துவமனைகளுக்குத் துணையாகப் போய்க் காத்திருந்தவள் என்ற முறையிலும், இவை பற்றி வாசித்து வருபவள் என்ற முறையிலும் எழுதுகிறேன். நம் தரப்பில் இரண்டு சௌகரியமான நிலைப்பாடுகள் உள்ளன. 'எல்லாம் ஹார்மோன்' என்பது ஒன்று. 'எல்லாம் ஆணாதிக்கம், மருந்துக் கம்பெனிகளின் சதி' என்பது மற்றொன்று. இரண்டுமே அந்தப் பெண்ணின் வாக்கியத்தை முழுதாகக் கேட்பதில்லை என்பதே என் வாதம்.

2

வேட்கையின்மை எப்போதும் நோயாக இருந்ததில்லை. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் அதுதான் ஆரோக்கியம். 1857இல் வெளிவந்த தன் நூலில் வில்லியம் ஆக்டன் என்ற மருத்துவர், பெரும்பாலான பெண்களுக்குப் பாலுணர்வு ஒரு தொந்தரவாக இருப்பதில்லை என்றும், அது அவர்களுடைய நல்ல காலம் என்றும் கருதினார். அதே நகரில் ஐசக் பேக்கர் ப்ரவுன் என்ற அறுவை மருத்துவர் வலிப்பு, மனப்பதற்றம் போன்ற நோய்களுக்கு சுயஇன்பமே காரணம் என்று சொல்லிப் பெண்களின் கிளிடோரிஸை வெட்டி நீக்கிக்கொண்டிருந்தார். 1867இல் லண்டன் மகப்பேறு மருத்துவர் சங்கம் அவரை வெளியேற்றியது. அக்காலத்தில் அதிகம் விரும்புகிறவளே நோயாளி. விரும்பாதவள் குலமகள்.

நூறாண்டுகளில் இது தலைகீழாயிற்று. 1966இல் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மனித உடலின் பாலியல் எதிர்வினையைப் பரிசோதனைச் சாலையில் அளந்து கிளர்ச்சி, சமநிலை, உச்சம், தணிவு என நான்கு கட்டங்களாகப் பிரித்தனர். இதில் வேட்கை என்ற கட்டமே கிடையாது. பரிசோதனைக்குச் சம்மதித்து வருகிறவர்களிடம் விருப்பம் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? எழுபதுகளின் இறுதியில் ஹெலன் சிங்கர் காப்லான் என்ற மனநல மருத்துவர், சிகிச்சை பலிக்காமல் திரும்பி வருகிறவர்களைக் கவனித்து, கிளர்ச்சிக்கு முன்னால் வேட்கை என்ற தனிக் கட்டம் உண்டு, பலருடைய பிரச்சினை அங்கேயே இருக்கிறது என்றார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம்மின் மூன்றாம் பதிப்பில் 'தடையுண்ட பாலியல் வேட்கை' என்ற நோய் பிறந்தது. 1987இல் 'குறை பாலியல் வேட்கைக் கோளாறு' என அதன் பெயர் மாறியது.

இங்கே ஒரு சிறிய வாசகத்தின் மீது கவனம் குவிக்க விரும்புகிறேன். 1994ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. விருப்பம் குறைவாக இருந்தால் மட்டும் போதாது, அதனால் குறிப்பிடத்தக்க மனத்துயரமோ, பிறருடனான உறவில் சிக்கலோ இருந்தால்தான் அது கோளாறு. முதல் பார்வைக்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அந்த 'பிறருடனான உறவில் சிக்கல்' என்பதை யோசித்துப் பாருங்கள். ஒருத்திக்கு விருப்பமில்லை, அதுபற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. புருஷன் மட்டும் கோபித்துக்கொண்டு திண்ணையில் படுக்கிறான். அவளுக்குக் கோளாறு இருப்பதாகப் பதிவு செய்ய அந்தப் பதிப்பில் இடமிருந்தது. அவனுடைய அதிருப்தி அவளுடைய நோய்க்குறியாக மொழிபெயர்ந்துவிடும். 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு இந்த 'உறவுச் சிக்கலை' நீக்கியது. துயரம் அந்த நபருடையதாக இருக்க வேண்டும். அறிகுறிகள் ஏறத்தாழ ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். உறவில் கடும் நெருக்கடியோ வன்முறையோதான் காரணம் என்றால் இந்த நோய்ப்பெயரைச் சூட்டக் கூடாது. தன்னைப் பாலீர்ப்பற்றவளாக அடையாளம் காணும் பெண்ணுக்கும் சூட்டக் கூடாது. பெண்களுக்கு வேட்கையையும் கிளர்ச்சியையும் ஒரே கோளாறுக்குள் கொண்டுவந்தது இப்பதிப்பு. அது சரியா என்ற விவாதம் மருத்துவர்களிடையே தொடர்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 இதை மனநோய்களின் அத்தியாயத்திலிருந்தே எடுத்து, பாலியல் நலம் என்ற தனி அத்தியாயத்தில் வைத்தது.

ஆக, யாருடைய துயரம் என்ற கேள்விக்கு ஏட்டளவில் பதில் கிடைத்துவிட்டது. நடப்பில் என்ன? ஒருமுறை ஒரு பெண்ணோடு ஒரு மருத்துவரிடம் போயிருந்தேன். கணவரும் வந்திருந்தார். டாக்டர் அவரைப் பார்த்து, 'எவ்ளோ நாளா இப்படி இருக்காங்க?' என்று கேட்டார். மொத்த உரையாடலும் அவருடனேயே நடந்தது. அவளிடம் கேட்கப்பட்டது அவளுடைய வயது மட்டும்.

3

அடுத்து எண்ணிக்கை. 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரை, அமெரிக்கப் பெண்களில் 43 சதவீதத்தினருக்குப் பாலியல் செயல்பாட்டுக் கோளாறு உண்டு என்றது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்ட எண் இது. எப்படி வந்தது? 1992இல் நடந்த ஒரு கணக்கெடுப்பில் 18 முதல் 59 வயது வரையிலான சுமார் 1,750 பெண்களிடம், கடந்த ஓராண்டில் சில மாதங்களாவது விருப்பமின்மை, வறட்சி, வலி, பதற்றம் போன்ற ஏழில் ஏதேனும் ஒன்று இருந்ததா என்று கேட்டார்கள். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் கணக்கில் சேர்த்தார்கள். அது அவளை வருத்தியதா என்று கேட்கவில்லை. கட்டுரையாசிரியர்களில் இருவருக்கு அப்போது வயாக்ரா தயாரித்துவந்த ஃபைசர் நிறுவனத்தோடு இருந்த தொடர்பு பின்னர் அவ்விதழிலேயே வெளியிடப்பட்டது.

வருத்தியதா என்றும் சேர்த்துக் கேட்டால் என்னவாகும்? 2008இல் வெளியான ஓர் ஆய்வில் முப்பத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் இரண்டையும் கேட்டார்கள். விருப்பம் குறைவு என்றவர்கள் சுமார் 39 சதவீதம். விருப்பம் குறைவு, அதனால் மனத்துயரமும் உண்டு என்றவர்கள் சுமார் 10 சதவீதம். இரண்டுக்கும் இடைப்பட்ட 29 சதவீதத்தினர் யார்? விருப்பம் குறைவாக இருந்தும் அது குறித்து வருந்தாதவர்கள். அவர்களுக்கு மருந்து விற்பது என்றால் முதலில் வருத்தத்தை விற்க வேண்டும்.

அதே சமயம், அந்தப் பத்து சதவீதம் சின்ன எண் அல்ல. பத்துப் பெண்களில் ஒருத்தி. நம் தோழர்கள் 43ஐ எள்ளி நகையாடும்போது இந்தப் பத்தையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

4

1998 மார்ச்சில் வயாக்ராவுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் 'பெண்களுக்கான வயாக்ரா' தேடும் ஓட்டம் தொடங்கிற்று. வயாக்ரா இரத்த ஓட்டத்தைக் கூட்டும் மருந்து. பெண்களிடமும் அதைப் பல ஆண்டுகள் சோதித்த ஃபைசர், 2004இல் முயற்சியைக் கைவிட்டது. உறுப்பில் இரத்தம் பாய்வதும் 'எனக்கு வேண்டும்' என்ற உணர்வும் ஒன்றோடொன்று ஒட்டியே வருவதில்லை என்பது அந்த ஆய்வுகளின் பாடம்.

இரண்டாவது கட்டம் மூளையை நோக்கிற்று. ஃப்ளிபான்செரின் என்ற வேதிப்பொருள் முதலில் மனச்சோர்வுக்காக ஆராயப்பட்டது, அதில் பயன்படவில்லை. ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம் அதை வேட்கைக்கான மாத்திரையாக முன்வைத்தது. 2010இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நிராகரித்தது. ஸ்ப்ரவுட் என்ற சிறு நிறுவனம் வாங்கி மறுபடி விண்ணப்பித்தது. 2013இல் மீண்டும் நிராகரிப்பு. அதன்பின் நடந்ததை நம்மைப் போன்றவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். 'ஆண்களுக்கு எத்தனையோ மருந்து, பெண்களுக்கு ஒன்றுகூட இல்லை, இது பாலினப் பாகுபாடு' என்று ஓர் இயக்கம் கிளம்பியது. அதற்குப் பணம் தந்தவர்களில் மருந்து நிறுவனமும் உண்டு. பெண்ணியத்தின் மொழி, சமத்துவத்தின் மொழி, நம்முடைய மொழி ஒரு மாத்திரைக்கு வாடகைக்குப் போனது. 2015 ஆகஸ்ட் 18 அன்று, மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு என அனுமதி கிடைத்தது. இரண்டு நாளில் வேலியண்ட் என்ற பெரிய நிறுவனம் ஸ்ப்ரவுட்டைச் சுமார் நூறு கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது.

மாத்திரை தினமும் இரவில் விழுங்க வேண்டியது. பலன் என்ன? போலி மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், மாதத்துக்குத் திருப்தியான உறவு அரையிலிருந்து ஒன்றுவரை கூடுதல். பக்கவிளைவுகள் தலைசுற்றல், தூக்கக் கலக்கம், இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம். மதுவோடு சேர்ந்தால் என்னவாகும் என்று சோதித்த ஆய்வில் பங்கேற்ற 25 பேரில் 23 பேர் ஆண்கள்! பெண்ணுக்கான மாத்திரையின் ஆபத்தையும் ஆணுடலில்தான் அளந்தார்கள். 2019இல் ப்ரெமெலனோடைட் என்ற ஊசிமருந்து வந்தது. உறவுக்கு முக்கால் மணி நேரம் முன்பாகத் தானே போட்டுக்கொள்வது. சோதனையில் போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய நாற்பது சதவீதத்தினருக்குக் குமட்டல். வேட்கைக்கு முன்னால் வாந்தி வருமோ என்று காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. போலி மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கும் கணிசமான முன்னேற்றம் தெரிந்தது. மாத்திரையில் ஒன்றுமில்லை. ஆனால் அவர்களிடம் வேட்கை பற்றி ஒருவர் மரியாதையாகக் கேட்டார். மாதக்கணக்கில் தம் உடலைக் கவனித்துக் குறித்துவைத்தார்கள். வீட்டில் இது பேசக்கூடிய விஷயமாயிற்று. இதெல்லாமும் முன்னேற்றத்தில் பங்கு வகித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

5

வேட்கை எப்படி இயங்குகிறது? பசியைப் போல அதுவாக உள்ளிருந்து எழுந்து வருவது என்றுதான் சினிமா முதல் மருத்துவநூல் வரை சொல்லிவந்தன. கனடாவைச் சேர்ந்த ரோஸ்மேரி பாஸன் என்ற மருத்துவர் 2000ஆம் ஆண்டில் வேறொரு வரைபடத்தை முன்வைத்தார். நீண்டகால உறவில் இருக்கும் பல பெண்களுக்கு வேட்கை தொடக்கத்தில் இருப்பதில்லை. நெருக்கம், அன்பு என ஏதோ ஒரு காரணத்தால் அவள் இணங்கி வருகிறாள். தகுந்த தொடுகையும் சூழலும் அமைந்தால் கிளர்ச்சி எழுகிறது. அதன் பின்னால்தான் வேட்கை வருகிறது. எதிர்வினையாக எழும் இந்த வேட்கை குறைபாடு அல்ல, அதுவும் இயல்பே என்றார். 'எனக்கா ஒருநாளும் தோணினதில்ல, ஆனா ஆரம்பிச்சா நல்லாத்தான் இருக்கும்' என்று சொல்லும் பெண், இந்த வரைபடத்தில் நோயாளி அல்லள்.

இந்த விளக்கம் பல பெண்களுக்குப் பெரிய ஆறுதல். அதில் ஓர் ஆபத்தும் உண்டு. 'முதல்ல சரின்னு சொல்லு, அப்புறம் தானா வரும்' என்று காலங்காலமாகப் பாட்டிமார்கள் மணப்பெண்ணுக்குச் சொன்ன புத்திமதிக்கு விஞ்ஞானச் சான்றிதழ் கிடைத்ததுபோல் இதை வாசித்துவிட முடியும். இணங்கி வருவதற்கும் பணிந்து போவதற்கும் இடையிலுள்ள கோட்டை அந்த வரைபடம் வரைந்து தருவதில்லை. மறுக்க முடிந்தவள் 'சரி' என்றால்தான் அது இணக்கம்.

மறுக்க முடிகிறதா? 1884இல் ருக்மாபாய் என்ற பெண்ணைத் தன்னோடு வாழ வரச்சொல்லி அவளுடைய கணவன் பம்பாயில் வழக்குப் போட்டான். பதினொரு வயதில் நடந்த திருமணம் அது. 1887இல் நீதிமன்றம் போய் வாழ், இல்லையேல் ஆறு மாதம் சிறை என்றது. சிறைக்குப் போகிறேன் என்றார் ருக்மாபாய். மறு ஆண்டு சமரசமாகி, லண்டன் சென்று மருத்துவம் படித்துத் திரும்பி, பல்லாண்டுகள் மருத்துவராகப் பணிபுரிந்தார். கணவன் மனைவி சேர்ந்து வாழ உத்தரவிடும் அந்தச் சட்டக்கூறு 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவாக நீடிக்கிறது. 1983இல் ஆந்திர உயர்நீதிமன்றம், பெண்ணின் உடல்மீதான அவளது உரிமையைச் சுட்டி அது செல்லாது என்றது. 1984இல் உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. உடல் இயலாமையோ தகுந்த காரணமோ இன்றி, துணைவர்களில் ஒருவர் உறவை நெடுங்காலம் ஒருதலையாக மறுப்பது மனரீதியான கொடுமையாகலாம் என்பது 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் உச்சநீதிமன்றம் சொன்னது. மறுபுறம், மனைவியின் விருப்பமின்றிக் கணவன் கொள்ளும் உறவை வல்லுறவுக் குற்றத்திலிருந்து விலக்கும் விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் தொடர்கிறது. அவளுடைய 'வேண்டாம்' என்பதற்குச் சட்டத்தில் இருக்கும் பலம் இவ்வளவுதான்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், விருப்பமில்லாதபோது கணவனிடம் மறுக்க முடியும் என்று சொன்ன மணமான பெண்கள் 82 சதவீதம். மறுக்க முடியுமா என்று கேட்ட அரசு, 'வேண்டும் என்று சொல்ல முடியுமா?' என்று கேட்கவில்லை. தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன் எடுத்துச் சொல்லுதல் இல்லை என்று விதி வகுத்த தொல்காப்பியத்திலிருந்து நாம் இந்த விஷயத்தில் வெகுதூரம் வந்துவிடவில்லை. விருப்பத்தை எழுதிய பெண் கவிஞர்களை 2003 வாக்கில் தமிழ்ச்சூழல் எப்படி வசைபாடிற்று என்பது இவ்விதழின் வாசகர்களுக்குத் தெரியும். வேண்டும் என்றால் ஆபாசம், வேண்டாம் என்றால் நோய் அல்லது கொடுமை.

வேட்கையை விளக்கும் இன்னொரு கோட்பாடு, தொண்ணூறுகளில் கின்சி நிறுவனத்தின் பேன்கிராஃப்ட், யான்சன் ஆகியோர் உருவாக்கியது. மூளையில் ஆக்ஸிலரேட்டர் போல ஒன்றும் பிரேக் போல ஒன்றும் தனித்தனியே வேலை செய்கின்றன. மருந்துக் கம்பெனிகள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கத்தான் வழி தேடின. பல பெண்களுக்குப் பிரச்சினை பிரேக்கில் இருக்கிறது. ஒரே அறையில் மாமியாரும் பிள்ளைகளும். தாழ்ப்பாள் சரியில்லாத கதவு. மறுபடி கர்ப்பமாகிவிடுமோ என்ற பயம். அதே கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3 சதவீதம். பகலெல்லாம் ஏசிவிட்டு இரவில் நெருங்கும் மனிதன். குடிநெடி. அப்புறம் சுத்தமான அசதி. 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். எந்த மாத்திரை இந்த 202 நிமிட வித்தியாசத்தைக் கரைக்கும்? அமெரிக்க உளவியலாளர் லியனோர் டீஃபரும் தோழியரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் சொன்னது. பெண்களின் பாலியல் சிக்கல்களைச் சமூக–பொருளாதாரக் காரணங்கள், உறவு சார்ந்தவை, உளவியல் சார்ந்தவை, மருத்துவம் சார்ந்தவை என நான்காக வகுத்து, மருத்துவத்தை அவற்றுள் ஒன்றாக மட்டும் வைத்தார்கள்.

6

ஆனால் நான்காவதும் இருக்கிறது. அதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஃபூக்கோவை வாசித்த நமக்கு, பெண்ணுடலை மருத்துவப் பொருளாக்குவது அதிகாரத்தின் ஓர் உத்தி என்று தெரியும். பாவமன்னிப்புக் கூண்டிலிருந்து மருத்துவர் மேசைக்கு இடம்மாறிய 'சொல், உன் ஆசையைச் சொல்' என்ற கட்டளையையும் தெரியும். எல்லாம் சரி. கருப்பையோடு சேர்த்துச் சினைப்பைகளையும் எடுத்துவிட்டு வந்து, 'முன்ன மாதிரி இல்லக்கா, எனக்கு அது வேணும்' என்று சொல்கிறவளிடம் ஃபூக்கோவைக் கொடுத்து அனுப்ப முடியாது. அவளுடைய துயரம் அவளுடையது. அதைத் 'தவறான பிரக்ஞை' என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

உடல் சார்ந்த காரணங்களில் முதலாவது வலி. உறவில் வலி இருந்தால் விருப்பம் குறைவது நோயே அல்ல, புத்திசாலித்தனம். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து யோனித்தோல் மெலிந்து வறள்கிறது. பாலூட்டும் மாதங்களிலும் புரோலாக்டின் கூடி ஈஸ்ட்ரோஜன் தணிவதால் அதே வறட்சி வரும். இவற்றுக்கு வழவழப்பூட்டும் களிம்புகள் உண்டு. மாதவிடாய் நின்றவர்களுக்கு, உள்ளே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் நன்றாகவே பலன் தருகிறது. தசை இறுகி நுழைவே முடியாமற்போகும் நிலைக்கு இடுப்புத் தசைப் பயிற்சியும் ஆலோசனையும் உண்டு. கிருமித்தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் போன்றவற்றை அதற்குரிய மருத்துவத்தால்தான் சரிசெய்ய வேண்டும். வலியை விட்டுவிட்டு வேட்கைக்கு மருந்து கொடுப்பது சுடுகிற சட்டியைத் தொடத் தைரியம் கொடுப்பது போன்றது.

இரண்டாவது, மற்ற நோய்களும் அவற்றின் மருந்துகளும். மனச்சோர்வு வேட்கையைக் கொல்லும். அதற்குத் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளும் குறைக்கும். சில மனநோய் மருந்துகள் புரோலாக்டினைக் கூட்டி அதையே செய்கின்றன. 'மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்துதான் இப்படி' என்று அவளே சொன்னாலும் பல நேரம் யாரும் குறித்துக்கொள்வதில்லை. மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து. அளவைக் குறைப்பது, வேறு வகைக்கு மாற்றுவது என்று மருத்துவரால் செய்யக்கூடியவை உண்டு, கேட்டு வாங்க வேண்டும். தைராய்டு குறைவு, நீரிழிவு, நாள்பட்ட வலி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இரத்தசோகையின் அசதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2019–21 கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்து இல்லாத உடம்பிடம் போய் ஆசை எங்கே என்று கேட்கிறோம்.

மூன்றாவது டெஸ்டோஸ்டீரோன். ஆண் ஹார்மோன் என்று அறியப்பட்டாலும் பெண்ணுடலிலும் சுரப்பது. 2019இல் பல சர்வதேச மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட கருத்தொற்றுமை அறிக்கை, மாதவிடாய் நின்றபின் வரும் துயரமூட்டும் வேட்கைக் குறைவு ஒன்றுக்கு மட்டுமே இதைப் பெண்களுக்குத் தரச் சான்று உண்டு என்றது. இதன் பலனும் மிதமானதுதான், சராசரியாக மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு திருப்தியான உறவு கூடுதல். இரத்தத்தில் இதன் அளவைப் பார்த்து வேட்கைக் குறைவைக் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் அவ்வறிக்கை தெளிவுபடுத்தியது. பெண்களுக்கென்றே தயாரித்த டெஸ்டோஸ்டீரோன் களிம்புக்கு 2020இல் ஆஸ்திரேலியா அனுமதி தந்தது. பெரும்பாலான நாடுகளில் அப்படி ஒன்று கிடையாது. ஆண்களுக்கான ஜெல்லை மிகச் சிறிய அளவில், இரத்தப் பரிசோதனையால் கண்காணித்துத் தருகிறார்கள். அளவு மீறினால் முகத்தில் முடி, பரு, குரல் தடிப்பு. நீண்டகாலப் பாதுகாப்பு பற்றிய தரவு போதாது.

நான்காவது, மருந்தில்லாச் சிகிச்சைகள். மாஸ்டர்ஸ், ஜான்சன் 1970இல் விவரித்த தொடுகைப் பயிற்சியில், இணைவது கொஞ்ச காலத்துக்குத் தடைசெய்யப்படுகிறது. கையைத் தொட்டால் முடிவு இதுதான் என்ற நிர்ப்பந்தம் அகன்றபின் தொடுகை மட்டும் மிஞ்சுகிறது. கனடாவின் லோரி ப்ராட்டோ குழுவினர், மனத்தை நிகழ்கணத்து உடலுணர்வில் நிறுத்தும் கவனப் பயிற்சியைப் பெண்கள் குழுக்களில் சோதித்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். படுக்கையில் கிடந்தபடி நாளைக்கு இட்லிக்கு மாவு இருக்கா என்று யோசிக்கும் மனத்துக்கு இது பொருந்தும். அறிதல்–நடத்தை சிகிச்சைக்கும் சான்று உண்டு. இவை யாவும் அவளுக்கென்று ஒரு மணி நேரமும் ஒரு தனி அறையும் கேட்பவை. கடினமே அங்கேதான்.

7

சிகிச்சையே தேவைப்படாதவர்களும் உண்டு. பாலீர்ப்பு என்பது வாழ்க்கையில் என்றுமே இல்லாமல் நிறைவாக இருக்கும் பெண்ணுக்குக் குறை எதுவும் இல்லை. பெண்களை விரும்புகிற ஒருத்தியை ஆணுக்குக் கட்டிவைத்துவிட்டு அவளுக்கு வேட்கையில்லை என்று டாக்டரிடம் இழுத்துப்போவதைச் சிகிச்சை என்று சொல்வதற்கில்லை. அடிபடுகிறவளுடைய விருப்பமின்மை அவளுடைய உடல் அறிந்த உண்மை. மருந்து கொடுத்து அதை வாயடைப்பது வன்முறைக்கு உடந்தை.

ஆகவே என் கோரிக்கை எளியது. பெண்கள் அமைப்புகளில், ஆலோசனை மையங்களில் பணிபுரியும் தோழியர் இந்தப் புகாரோடு ஒருத்தி வந்தால் சில கேள்விகளைத் தனியே, கணவன் இல்லாத அறையில் கேட்கப் பழக வேண்டும். இது உனக்குத் துயரமா, இல்லை மற்றவருக்கா? எப்போதுமே இப்படியா, இடையில் வந்ததா? வந்தது என்றால் அந்தக் காலத்தில் பிரசவமா, அறுவையா, புதிய மாத்திரையா, சாவா, சண்டையா? வலிக்கிறதா? வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? உனக்கு எது பிடிக்கும் என்று யாராவது கேட்டதுண்டா? இந்த வரிசையில் கேட்டால், மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவர் யார், வக்கீலிடம் அனுப்ப வேண்டியவர் யார், 'உனக்கு ஒண்ணுமில்லம்மா' என்று சொல்லி அனுப்ப வேண்டியவர் யார் என்பது பெருமளவுக்குப் புலப்படும். மருத்துவரிடம் போகிறபோது கூடப் போங்கள். பதில்களை ஒரு தாளில் எழுதி அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். டாக்டர் அவளைப் பார்த்துப் பேசும்வரை நீங்கள் பேசாதீர்கள்.

எழுதுகிறவர்களிடம் ஒரு வார்த்தை. வேட்கையை எழுத நாம் கொஞ்சம் கற்றிருக்கிறோம், அதற்கான விலையையும் கொடுத்திருக்கிறோம். வேட்கை இல்லாமற்போவதை, திரும்ப வேண்டும் என்று ஏங்குவதை, வேண்டவே வேண்டாம் என்று நிம்மதியாக இருப்பதை இன்னும் எழுதவில்லை. மூன்றும் வேறுவேறு அனுபவங்கள். மூன்றுக்கும் இப்போதைக்கு நம்மிடம் இருப்பது 'தோணல' என்ற ஒரே சொல்.